சொந்த மாநிலத்திற்கு மனநோயாளிகள்: அனுப்புதலும் ஏற்றலும்

(மும்பையில் சமூகப் பணி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்திய உரை)



ஒரு மாநிலத்து மருத்துவமனையில் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் ஒருவரை அவருடைய சொந்த மாநிலத்திற்கு அனுப்பி, அங்கே அவருக்கு மருத்துவமும் பாதுகாப்பும் தொடர்ந்து கிடைக்கும்படி செய்வது எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். மேலெழுந்தவாரியாக நோக்கினால் இது ஓர் அலுவலக நடைமுறையாகவே தோன்றும். ஒரு கடிதம், ஒரு கையொப்பம், ஒரு ரயில் பயணச்சீட்டு ஆகியவற்றுடன் காரியம் முடிந்துவிடும் என்று எண்ணுவோரும் உண்டு. ஆனால் சற்று ஆழ்ந்து சிந்தித்தால் மூன்று வினாக்கள் எழுகின்றன. ஒருவருக்குச் சொந்த மாநிலம் எது? அவரை அனுப்புவது யாருடைய நன்மைக்காக? போய்ச் சேர்ந்த பின்னர் அவரைக் கவனிப்பவர் யார்? இம்மூன்றுக்கும் விடை காணாமல் நோயாளியை அனுப்புவது, ஒரு பொறுப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குத் தள்ளிவிடுவதாகவே முடியும்.

மும்பையும் தமிழ் மக்களும்

இவ்வினாக்களை ஆராய மும்பையைவிடப் பொருத்தமான நகரம் வேறொன்று இல்லை எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையிலிருந்து மக்கள் இந்நகருக்கு வந்து தாராவியில் குடியேறினார்கள். தோல் பதனிடும் தொழில் அவர்களுக்குப் பிழைப்பு அளித்தது. எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்தவர்கள் மாதுங்காவில் குடியேறினார்கள். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932ஆம் ஆண்டில் தோன்றியது இம்மக்களின் முயற்சியால்தான். பின்னர் நகரம் விரிந்தபோது செம்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் பெருகின. இன்று தாராவியில் பாட்டன் காலத்திலிருந்து வாழும் தமிழரும் உண்டு. நேற்று வந்து இறங்கிய தமிழரும் உண்டு.

இவர்களுள் ஒருவர் மனநோயுற்றுத் தானே மனநல மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1901ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அம்மருத்துவமனை, மராட்டிய மாநிலத்தின் பழைய மனநல மருத்துவமனைகளுள் ஒன்று. புணேயை அடுத்த எரவாடா, நாகபுரி, இரத்தினகிரி ஆகிய இடங்களிலும் இத்தகைய மருத்துவமனைகள் உள்ளன. சேர்க்கப்பட்டவர் தமிழ் பேசுகிறார். உடனே, ‘இவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர், ஆகவே தமிழ்நாட்டிற்கு அனுப்ப வேண்டும்’ என்று முடிவு செய்துவிடலாமா?

மூன்று வகையினரை நாம் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். முதல் வகையினர் மும்பையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். இவர்கள் வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் மராத்தியும் பேசுவார்கள். இவர்களுடைய உடன்பிறந்தாரும், அண்டை அயலாரும், வேலைத்தலமும் இந்நகரிலேயே உள்ளன. தாய்மொழியைக் காரணம் காட்டி இவர்களைத் தமிழ்நாட்டிற்கு அனுப்புவது, ஊருக்கு அனுப்புவதாகாது, ஊரைவிட்டு அகற்றுவதாகும். இரண்டாம் வகையினர் பிழைப்புத் தேடித் தனியே வந்தவர்கள். தாயும் மனைவியும் மக்களும் தென்காசியிலோ விழுப்புரத்திலோ இருக்க, இவர்கள் மட்டும் இங்கே உழைத்தவர்கள். நோயுற்றபோது இவர்களைத் தாங்குவதற்கு இந்நகரில் உறவினர் இல்லை. மூன்றாம் வகையினர் மும்பைக்கு வர வேண்டும் என்று எண்ணியே வராதவர்கள். நோயின் வேகத்தில் ஏதோ ஒரு ரயிலில் ஏறி, வண்டி எங்கே நின்றதோ அங்கே இறங்கியவர்கள். மும்பை இருப்புப்பாதைகள் வந்து முடிகின்ற நகரமாதலால் இத்தகையோர் இங்கே வந்து சேருவது இயல்பே.

சொந்த மாநிலத்திற்கு அனுப்புதல் என்னும் ஏற்பாடு பெரிதும் பயன்படுவது இரண்டாம், மூன்றாம் வகையினருக்கே. தாய்மொழி ஒரு தடயம்; அது தீர்ப்பாகிவிடாது. யார் தம்மை அறிவார்களோ, யாரிடம் போக நோயாளி விரும்புகிறாரோ, அவர்கள் வாழுமிடமே அவருடைய ஊர்.

மொழியும் மருத்துவமும்

மற்ற நோய்களில் மொழி தெரியாமற்போனாலும் மருத்துவர் ஓரளவு சமாளித்துக்கொள்ளலாம். எலும்பு முறிந்திருப்பதைப் படம் காட்டும். காய்ச்சலைக் கருவி காட்டும். மனநோயில் அவ்வாறன்று. நோயாளியின் பேச்சே மருத்துவருடைய முதன்மையான ஆய்வுப்பொருள். எண்ணங்கள் தொடர்போடு வருகின்றனவா, இல்லாத குரல்கள் கேட்கின்றனவா, இடமும் காலமும் புரிகின்றனவா, வாழ்வில் பற்று இருக்கின்றதா என்பவற்றையெல்லாம் உரையாடியே அறிய வேண்டும். நெல்லைத் தமிழ் மட்டுமே அறிந்த ஒரு பெண்மணி தம் குழந்தையைப் பற்றி ஓயாது கேட்டுக்கொண்டிருந்தாலும், மொழி புரியாத விடுதிக்கு அது வெறும் பிதற்றலாகவே படக்கூடும். பேசிப் பயனில்லை என்று அவர் மௌனமாகிவிட்டால், அந்த மௌனமும் நோயின் அறிகுறியாகக் குறிக்கப்படக்கூடும்.

பெயரும் ஊரும் தெரியாதவராகப் பதிவேட்டில் ஏறிவிட்ட ஒருவருக்குக் காலம் வேறு விதமாக ஓடுகிறது. நோய் தணிந்த பிறகும் அவரை அழைத்துச் செல்ல யாரும் வருவதில்லை. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, 24 மாநிலங்களிலுள்ள 43 அரசு மனநல மருத்துவமனைகளை நோக்கியது. அங்கே தங்கியிருந்தோருள் ஏறத்தாழ 36 விழுக்காட்டினர் ஓராண்டும் அதற்கு மேலும் அங்கேயே இருந்துவருவதாக அது தெரிவித்தது. இவர்கள் எல்லோருமே நோயின் கடுமையால் தங்கிவிட்டவர்கள் அல்லர். போக இடமின்மையாலும் குடும்பம் ஏற்காமையாலும் தங்கிப்போனவர்கள் அவர்களுள் பலர்.

வரலாறு தரும் எச்சரிக்கை

நோயுற்றோரையும் வறியோரையும் அவரவர் இடத்திற்குத் திருப்பி அனுப்பும் வழக்கம் புதியதன்று. இங்கிலாந்தில் 1662ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடியமர்வுச் சட்டம், ஒரு திருச்சபை வட்டாரத்திற்கு வந்து சேர்ந்த ஏழை அவ்வட்டாரத்திற்குச் சுமையாகக்கூடும் என்று கருதப்பட்டால், அவரைப் பழைய வட்டாரத்திற்கே அகற்ற வழிசெய்தது. உதவித் தொகையை எந்த வட்டாரம் கொடுப்பது என்பதே அங்கு எழுந்த வழக்குகளின் சாரம். அகற்றப்பட்டவரின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

நம் நாட்டிலும் ஒரு கசப்பான முன்மாதிரி உண்டு. பிரிவினைக்குப் பின்னர் இந்தியாவும் பாகிஸ்தானும் மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்களைச் சமய அடிப்படையில் பிரித்து, 1950ஆம் ஆண்டில் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டன. லாகூரிலிருந்தவர்கள் இந்தியாவிற்கும், இங்கிருந்தவர்கள் லாகூருக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். ஒருவருடைய ஊர் எது என்பதை அவரைக் கேளாமல் ஏடுகளே தீர்மானித்தால் என்ன நேரும் என்பதற்கு அது சான்றாக நிற்கிறது. உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்ட்டோ எழுதிய ‘டோபா டேக் சிங்’ என்னும் சிறுகதைக்கு இந்நிகழ்ச்சியே பொருளாயிற்று.

இவ்விரண்டு எடுத்துக்காட்டுகளிலும் அனுப்பியவரின் வசதியே முன்னின்றது. நாம் வகுக்கும் எந்த நடைமுறையும் இக்குற்றத்திற்கு இடங்கொடுக்கலாகாது.

சட்டத்தின் போக்கு

1912ஆம் ஆண்டின் இந்தியப் பைத்தியச் சட்டம் பொதுமக்களின் பாதுகாப்பையே முதன்மையாகக் கருதியது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அதன் இடத்திற்கு வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். இது 2018ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டதே இச்சட்டத்திற்கு அடிப்படை.

அலுவலர்கள் இச்சட்டத்தின் சில பிரிவுகளை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். தன்னைத்தானே பேணிக்கொள்ள இயலாமல் அலையும் ஒருவர் மனநோயுற்றவர் என்று காவல் அலுவலர் நம்பக் காரணமிருந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்திற்குள் பொது மருத்துவ நிலையத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று 100ஆம் பிரிவு கூறுகிறது. அவரைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கக்கூடாது. வீடற்றவராயின், காணாமற்போனவர் பற்றிய முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்து, குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது நிலைய அலுவலரின் கடமையாகும்.

93ஆம் பிரிவு மாற்றத்தைப் பற்றியது. மனநல மறுஆய்வு வாரியத்தின் ஆணைக்கு உட்பட்டு ஒரு நோயாளியை மாநிலத்திற்குள் வேறொரு மனநல நிலையத்திற்கு மாற்றலாம். வேறு மாநிலத்திற்கு மாற்றுவதாயின் மத்திய மனநல ஆணையத்தின் இசைவு வேண்டும். மாற்றத்தையும் அதற்கான காரணங்களையும் நோயாளிக்கும் அவருடைய நியமனப் பிரதிநிதிக்கும் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் வற்புறுத்துகிறது. தாமாக முன்வந்து சேர்ந்த நோயாளிக்கு இப்பிரிவு பொருந்தாது. அவர் தம் விருப்பப்படி வெளியேறவும், விரும்பிய ஊருக்குச் செல்லவும் உரிமையுடையவர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. உற்றார் எவரும் இல்லாத நோயாளிக்குச் சமூக நலத் துறை இயக்குநரையோ அவர் குறிக்கும் ஒருவரையோ பிரதிநிதியாக வாரியம் நியமிக்கலாம். ஆதரவற்றவருக்கு இது நல்ல பாதுகாப்பே. எனினும், நோயாளியை ஒருமுறையேனும் நேரில் காணாத ஓர் அலுவலர் கோப்பில் ஒப்பமிடுவதோடு நின்றுவிட்டால், அரசே கேட்டு அரசே இசைந்ததாக முடியும். ஆகவே அப்பிரதிநிதி நோயாளியோடு அவருடைய மொழியில், வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளர் துணைகொண்டு, உரையாடிய பின்னரே கருத்துத் தெரிவிக்க வேண்டும்.

19ஆம் பிரிவு இவை எல்லாவற்றினும் அடிப்படையானது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, அல்லது சமூகத்தில் தங்குவதற்கான வசதி இல்லை என்னும் காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கலாகாது என்று அது கூறுகிறது. ஆதலின் தானேயிலிருந்து சென்னைக் கீழ்ப்பாக்கத்திற்கு, ஒரு மதிற்சுவரிலிருந்து இன்னொரு மதிற்சுவருக்கு மாற்றுவதை மட்டுமே நாம் குறிக்கோளாகக் கொள்ள இயலாது. உள்நோயாளியாக இருந்தே தீர வேண்டிய நிலையிலுள்ளோர்க்கு மட்டுமே அத்தகைய மாற்றம் தகும். நோய் தணிந்தோர்க்கு வேண்டுவது வீடு. வீடு இல்லாதபோது வீட்டை ஒத்த ஓரிடம்.

செய்து காட்டியவர்கள்

இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று ஐயுறுவோர்க்கு இந்நகரிலேயே விடை உண்டு. மருத்துவர் பரத் வாத்வானியும் அவர் துணைவியார் மருத்துவர் ஸ்மிதாவும் 1988ஆம் ஆண்டில் தொடங்கிய சிரத்தா மறுவாழ்வு அறக்கட்டளை, தெருவில் அலையும் மனநோயாளிகளை அழைத்துவந்து சிகிச்சை அளித்து, நாட்டின் எந்த மூலையாயினும் அவர்கள் குடும்பத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அவர்கள் தொடக்கத்தில் கண்ட நோயாளிகளுள் ஒருவர் சாக்கடை நீரை அள்ளிக் குடித்துக்கொண்டிருந்த இளைஞர். சிகிச்சைக்குப் பின்னர், அவர் ஆந்திரத்தைச் சேர்ந்த பட்டதாரி என்பது தெரியவந்தது. பின்னர் கர்ஜத்தில் மறுவாழ்வு நிலையமும் அமைந்தது. 2018ஆம் ஆண்டில் மகசேசே விருது வாத்வானிக்கு வழங்கப்பட்டபோது, இவ்வாறு மீட்கப்பட்டோர் தொகை 7,000க்கும் மேற்பட்டிருந்தது.

சென்னையில் 1993ஆம் ஆண்டில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய ‘பானியன்’ என்னும் நிறுவனம், வீடற்ற பெண் மனநோயாளிகளுக்கு அடைக்கலம் தந்து, குணமானவர்களைப் பிற மாநிலங்களிலுள்ள அவர்கள் ஊர்களுக்கு அனுப்பிவருகிறது. குடும்பத்திடம் போக இயலாதவர்கள் நால்வர் ஐவராகச் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வாழவும் அது வழிவகுத்துள்ளது. செம்பூரை அடுத்த தேவனாரிலுள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2011ஆம் ஆண்டில் தொடங்கிய ‘தராஷா’ என்னும் களப்பணித் திட்டம், தானே மருத்துவமனையிலிருந்து வெளிவரும் பெண்கள் இந்நகரிலேயே வேலையும் இருப்பிடமும் பெறத் துணைநிற்கிறது. எல்லோரையும் ஊருக்கு அனுப்பியே தீர வேண்டும் என்பதில்லை என்னும் பாடத்தை இத்திட்டம் நமக்குக் கற்பிக்கிறது.

வழியில் கவனிக்க வேண்டியவை

அனுப்பும் பணி நான்கு கட்டங்களை உடையது.

முதலாவது, ஊரைக் கண்டறிதல். முழு முகவரி சொல்ல இயலாத நோயாளியும், சிகிச்சையால் மனம் தெளியத் தெளியச் சில குறிப்புகளைத் தருவார். படித்த பள்ளி, ஊர்க் கோயில், ஆற்றின் பெயர், சந்தை கூடும் நாள், பேருந்து நிலையத்தில் இறங்கி நடக்கும் தூரம் ஆகியவை முகவரியைவிட உறுதியான தடயங்கள். அவற்றைக் கேட்டு உணரத் தமிழறிந்த ஒருவர் வேண்டும். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழ் அமைப்புகளும் ஆசிரியர்களும் மாணவர்களும் வாரத்தில் சில மணி நேரம் இதற்கு ஒதுக்கினால், அதுவே பெருந்தொண்டாகும். அவ்வூர்க் காவல் நிலையமும் கிராம நிர்வாக அலுவலரும் எஞ்சியதை உறுதி செய்யலாம். ஆனால் நோயாளியின் இசைவின்றி அவருடைய நோயைப் பற்றிய செய்தியை ஊர் முழுவதும் பரப்புதல் கூடாது. சில பெண்கள் வீட்டுக் கொடுமைக்கு அஞ்சி வெளியேறியவர்களாகவும் இருப்பர். அவர்களைப் பொறுத்தவரை குடும்பத்தைக் கண்டுபிடிப்பதே ஆபத்தாகலாம்.

இரண்டாவது, ஆவணம். எந்த மருந்து, எந்த அளவு, எப்போது தொடங்கப்பட்டது, எந்த மருந்து முன்பு ஒத்துக்கொள்ளவில்லை என்பவை ஆங்கிலத்திலும் சேரும் மாநிலத்தின் மொழியிலும் இருத்தல் வேண்டும். வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பொதுப் பெயர் எழுதப்பட வேண்டும். ஒரு மாநிலத்து அரசு மருந்தகத்தில் கிடைக்கும் வணிகப் பெயர் மற்றொன்றில் கிடைக்காது. லித்தியம் உட்கொள்வோர்க்கு இரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துவர வேண்டும். குளோசபின் உட்கொள்வோர்க்கு வெள்ளணுக்களின் எண்ணிக்கையைக் கவனித்துவர வேண்டும். அச்சோதனைகளுக்குச் சேருமிடத்தில் வசதி உண்டா என்று முன்னரே கேட்டறிதல் அவசியம்.

மூன்றாவது, பயணம். மும்பையிலிருந்து சென்னை ரயிலில் ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர். திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ செல்ல ஒன்றரை நாளாகும். கோடையில் நீர் குறைந்தால் லித்தியத்தின் அளவு இரத்தத்தில் ஏறி நஞ்சாகலாம். வேளை தவறாது மருந்து கொடுக்கவும், கூட்டத்தில் மிரளும்போது அமைதிப்படுத்தவும் அறிந்த துணைவர் உடன்செல்ல வேண்டும். பெண் நோயாளியுடன் பெண் பணியாளர் செல்வது கட்டாயம். கைகால்களைக் கட்டி அழைத்துச் செல்வதற்கு எந்நிலையிலும் இடமில்லை.

நான்காவதாகிய ஏற்றல்தான் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. நோயாளி வண்டியிலிருந்து இறங்கியவுடன் அனுப்பிய மாநிலத்தின் கோப்பு மூடப்படுகிறது. சேரும் மாநிலத்திலோ கோப்பே திறக்கப்படுவதில்லை. ஒரு மாதத்திற்குக் கொடுத்தனுப்பிய மாத்திரைகள் தீர்ந்தபின் நோய் திரும்புகிறது. குடும்பம் மீண்டும் கலங்குகிறது. இத்தகைய கலக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஏர்வாடியே சாட்சி. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். அருகில் சிகிச்சை கிடைக்காத குடும்பங்கள் தம் மக்களை அத்தகைய காப்பகங்களில் விட்டுச்செல்வது அந்நாளில் வழக்கமாயிருந்தது.

சொந்த மாநிலம் என்றால் தலைநகரம் என்று பொருள் கொள்வதும் தவறு. 1794ஆம் ஆண்டில் வேரூன்றி, 1871ஆம் ஆண்டு முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் சென்னை மனநல மருத்துவ நிலையம் பெருமைக்குரியதே. ஆனால் நெல்லை மாவட்டத்துச் சிற்றூர் அங்கிருந்து 600 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அவ்வூராருக்குப் பயன்படுவது மாவட்ட மனநலத் திட்டமே. 1982ஆம் ஆண்டின் தேசிய மனநலத் திட்டத்தைத் தொடர்ந்து, 1996ஆம் ஆண்டு முதல் மாவட்டந்தோறும் விரிவுபடுத்தப்பட்டுவரும் இத்திட்டத்தின் மருத்துவரிடம்தான் நோயாளியை ஒப்படைக்க வேண்டும். 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் தொலைபேசிச் சேவை, 14416 என்னும் எண்ணில் தமிழிலும் ஆலோசனை வழங்குகிறது; குடும்பத்தாரிடம் அவ்வெண்ணையும் கொடுத்தனுப்பலாம்.

செய்யத்தக்கன

என் கருத்துகளைத் தொகுத்துச் சொல்கிறேன். மருத்துவமனையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நோயாளியின் மொழி பதிவேட்டில் எழுதப்பட்டு, அம்மொழியில் அவரோடு ஒருவர் பேசியிருக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலச் சுகாதாரத் துறையிலும் மாநிலங்களுக்கிடையேயான மாற்றங்களுக்கென ஒரு தொடர்பு அலுவலர் வேண்டும். துணைவரின் செலவு உள்ளிட்ட பயணச் செலவை அனுப்பும் மாநிலம் ஏற்பதும், சேர்ந்தபின் ஆகும் மருந்துச் செலவைச் சேரும் மாநிலம் ஏற்பதும் நியாயமான பங்கீடாகும். சேர்ந்த பதினைந்தாம் நாளும், மூன்றாம் மாதமும், ஆறாம் மாதமும் அனுப்பிய மருத்துவமனை விசாரித்தறிந்து குறிப்பெழுதிய பின்னரே கோப்பு மூடப்பட வேண்டும். ஊர் ஒத்துவராது மும்பைக்கே திரும்ப விரும்பும் நோயாளிக்குக் கதவு திறந்திருக்க வேண்டும்.

இவற்றிற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ ஏற்பாடு 2022ஆம் ஆண்டிற்குள் எல்லா மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்துவிட்டது. தாராவியில் தங்கி உழைக்கும் தொழிலாளி தம் ஊரில் பெற்ற அட்டையைக் காட்டி இங்கே அரிசி வாங்கலாம். அரிசி மாநில எல்லையைக் கடந்து அவரைத் தொடருமாயின், மருந்தும் மருத்துவக் குறிப்பும் அவரைத் தொடர முடியாது என்று சொல்வதற்குக் காரணம் ஏதுமில்லை.

இது தமிழர் பற்றிய செய்தி மட்டுமன்று என்பதையும் சொல்லி முடிக்க விரும்புகிறேன். மும்பையிலிருந்து தமிழ்நாட்டிற்கு ஒருவரை அனுப்ப நாம் முயலும் அதே நேரத்தில், தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் பீகாரையும் ஒடிசாவையும் வங்கத்தையும் சேர்ந்தவர்கள் தம் மொழி பேசுவோர் வரமாட்டார்களா என்று காத்திருக்கிறார்கள். இங்கே நம்மவர்க்கு நாம் எதிர்பார்க்கும் பரிவை அங்கே அவர்களுக்கு நாம் அளித்தல் வேண்டும். இங்கு அமர்ந்திருக்கும் மாணவர்களுள் பலர் நாளை அலுவலர்களாவீர்கள். மாற்றக் கோப்பு ஒன்று உங்கள் மேசைக்கு வரும்போது, ஒப்பமிடுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ‘இவர் அங்கே போக விரும்புகிறாரா? அங்கே இவரை எதிர்கொள்ள இருப்பவர் யார்?’ அக்கோப்பில் ஒரு மனிதரின் பெயர் எழுதப்பட்டிருந்தால் மட்டும் ஒப்பமிடுங்கள்.